கறுப்புக் கோட்டு

இருபத்திரண்டு வருடமாக
ஓடும் ரயிலில் உடம்புகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிறேன்.
டிக்கெட் இல்லாதவன் என்னைப் பார்க்கமாட்டான்,
ஜன்னலுக்கு வெளியே இருட்டை ரசிப்பான்.
பொய்த் தூக்கத்தில் இமை துடிக்கும்.
மெய்த் தூக்கத்தில் வாய் பிளந்திருக்கும்.
இத்தனை தெரிந்தவளுக்கு
நானூறு கிராம் சாம்பல் கிளி
ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில்
வீட்டை விற்றுவிட்டுப் பெர்த்துக்குக் கிளம்பினார் யூஜின்.
(பெர்த் என்றால் எனக்கு மேல், நடு, கீழ்.
அவருக்கு ஆஸ்திரேலியா.)
பேர் டாலி, ஆணா பெண்ணா தெரியாது,
வயது பதினொன்று, இன்னும் நாற்பது இருக்கும் என்று
கூண்டை நீட்டினார்.
எனக்கு ஐம்பத்தொன்று.
கணக்குப் போட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
மடியில் கூண்டு.
ஒவ்வொரு திருப்பத்திலும் அது எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது,
கம்பியைப் பிடிக்காத கண்டக்டரைப் போல.

சூரமங்கலம் குவார்ட்டர்ஸில் முதல் பேச்சு:
"யூஜின், கேட்டைச் சாத்து!"
ஒரு பெண்ணின் குரல். யாருடையது என்று
நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.
என் வீட்டில் கேட் கிடையாது.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

மஞ்சள் கண்ணுக்குள் கறுப்பு மணி
சுருங்கி விரிந்தது, சுருங்கி விரிந்தது.
பாசம் என்று விரலை நீட்டினேன்.
பாசம் இல்லை.
மறுநாள் ஜோலார்பேட்டை வரைக்கும்
கட்டுப் போட்ட விரலோடு அபராத ரசீது எழுதினேன்.

அஸ்தம்பட்டி டாக்டர் சொன்னது கொஞ்சம்,
அதுவே சொன்னது கொஞ்சம்.
இறகை உப்பி ஒருமுறை உதறினால் சும்மா.
உப்பியபடியே கூண்டின் தரையில் உட்கார்ந்தால்
ஆட்டோ கூப்பிட வேண்டும்.
சூரியகாந்தி விதையே கதியென்று வந்தது
இப்போது முருங்கைக்கீரையைக் கிழித்துப் போடுகிறது,
பாதி தின்கிறது, பாதி என் தலைமேல்.
ஒட்டாத தோசைக்கல் சூடேறினால் அந்தப் புகை ஆகாதாம்;
எதிர்வீட்டு நசீமாவுக்குக் கொடுத்துவிட்டேன்,
இரும்புக்கல்லில் என் தோசை தினமும் இந்திய வரைபடம்.
தனக்கோடி மலையிலிருந்து பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்தார்,
"கிளிக்கும் ஒரு துண்டு" என்று நறுக்கியும் விட்டார்.
போனில் டாக்டர் கத்திய கத்தலில்
கத்தி கீழே விழுந்தது. கிளிக்கு அது விஷம்.
மல்கோவா சரி. கொட்டை வேண்டாம்.
சாறு வழியத் தின்றுவிட்டு
அலகைக் கம்பியில் இருபுறமும் துடைத்துக்கொள்கிறது,
கல்யாணப் பந்தியில் பெரிய மனிதர் மாதிரி.

ஒன்றுமட்டும் விளங்காமலே இருந்தது.
நான் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம்
இறகுகள் உடம்போடு ஒட்ட,
கழுத்து நீள,
மடக்கிய குடையாகிவிடும்.
காய்ச்சலா, நான் போகிற வருத்தமா
(இதை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூட).
மூன்றாவது வாரம், புடவையோடு கடைக்குப் போனபோது
அது திரும்பியே பார்க்கவில்லை.

கோட்டுதான்.
கறுப்பு, பெரியது, கைகள் உள்ளது.
எஸ்-4இல் நான் நுழைந்ததும்
சில பேர் ஒடுங்குவார்களே, அதேதான் இது.
எத்தனை பேரை அப்படி ஒடுங்கவைத்து
பெயர், வயது, அடுத்த நிலையம் என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது கோட்டைப் பையில் மடித்துவைத்துப்
பிளாட்பாரத்தில் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று இரவு இரண்டு பத்து.
மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றினேன்.
மூடிய துணியில் ஒரு மூலையை விலக்கினால்
ஒற்றைக்காலில் டாலி,
மற்றது வயிற்று இறகுக்குள்.
அலகு மெல்ல அரைபட்டது,
எங்கோ யாரோ தேங்காய் துருவுகிற சத்தம்.
தூக்கம் வருகிறது, பயமில்லை என்று அர்த்தமாம்.

சத்தம் நின்றது.
ஒரு கண் திறந்தது.
என்னைத் தலையிலிருந்து கால்வரை
நிதானமாகச் சரிபார்த்தது.

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.